செங்கேணியின் ஆஷ்வெல்

1

ஊரில் என்னைப் பற்றி ஒரு தவறான செய்தி உலவிக்கொண்டிருக்கிறது. நான் இங்கிலாந்தில் ஒரு பெரிய கார் தொழிற்சாலையில் இன்ஜினீயராக இருக்கிறேனாம். என் மனைவியின் தம்பி ஏழுமலை செங்கற்பட்டு முழுக்கப் பரப்பிவைத்திருக்கும் செய்தி இது. திருத்தித் திருத்திச் சலித்துப்போய், இப்போது அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கார் செய்கிறவன் அல்ல, விற்கிறவன். அதுவும் ஓடாத கார்.

ஓடாத கார் என்றால் கெட்டுப்போன கார் இல்லை. முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன்னால் பிரபுக்களும் பந்தய ஓட்டக்காரர்களும் வைத்திருந்த வண்டிகள். நீண்ட மூக்கு, பித்தளை விளிம்பு வைத்த விளக்குகள், தோல் இருக்கைகள். பணம் மிகுந்தவர்கள் இவற்றை வாங்கிக்கொண்டுபோய் வீட்டுக் கொட்டகையில் போர்வை போர்த்தி வைக்கிறார்கள். சில வருஷம் கழித்து, அவர்களைவிடப் பணம் மிகுந்த ஒருவருக்கு விற்கிறார்கள். நடுவில் வண்டி நகர்வதில்லை. கடையில் என் காலைப்பொழுது இவற்றைத் துடைப்பதில் கழிகிறது. அதற்கென்று தனித் துணி உண்டு. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட அவ்வளவு மெத்தென்ற துணியால் அவளைத் துடைத்ததில்லை.

இந்த வாரம் ஒருவர் வந்தார். தோல் கையுறை, தோல் தொப்பி. சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, “இது எப்போதாவது மழையில் நனைந்திருக்கிறதா?” என்று கேட்டார்.

இங்கிலாந்தில் நின்றுகொண்டு கேட்கிறார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது.

நனையவில்லை என்றேன். அது உண்மைதான். அவர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். எனக்கு அந்தக் கையுறையைப் பிடுங்கி மழையில் வீச வேண்டும்போல் இருந்தது. முன்பெல்லாம் இப்படித் தோன்றியதில்லை. போன மார்கழியில் ஊருக்குப் போய்வந்ததிலிருந்துதான் இந்தக் குணம். அதற்குக் காரணமும் ஒரு கார்தான்.

2

எங்கள் முதலாளி பெர்சி மோசமான மனிதர் அல்ல. என் பெயரான சம்பந்தம் அவர் நாக்கில் புரளவில்லை என்று முதல் நாளே என்னைச் ‘சாம்’ ஆக்கினார். மற்றபடி மரியாதையானவர். கார் விஷயத்தில் மட்டும் புத்தி பேதலித்துவிடும்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் மனைவியோடு இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். எடுத்த படங்களைக் கடைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். யானை, அரண்மனை, பாம்பாட்டி எல்லாம் முடிந்து மாமல்லபுரம் வந்தது. கடற்கரைக் கோயில் முன்னால் அவர் மனைவி வைக்கோல் தொப்பியோடு நிற்கிறாள். பெர்சி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். நேரே சுவரிடம் போய் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டார். அந்தத் தொப்பிக்குப் பின்னால் ஒரு காரின் முன்பக்கம் தெரிந்தது. பின்பக்கத்தில் கூடைகள் அடுக்கியிருந்தன.

“ஆஷ்வெல்!” என்றார்.

ஆஷ்வெல் என்பது யுத்தத்துக்கு முன்பே மூடிவிட்ட கம்பெனி. அவர்கள் செய்ததே கொஞ்சம் வண்டிகள்தாம். அவற்றில் கூரை திறந்த இந்த ரகம் ஒன்றாவது கைக்குக் கிடைக்காதா என்று பெர்சி ஆயுள் முழுக்கத் தேடியிருக்கிறார்.

“சாம், இது உன் ஊர்தானே?”

“பக்கத்து ஊர்.”

“போய்க் கொண்டுவந்துவிடு. நீயும் இந்தக் கடையில் பங்குதாரர் ஆகலாம்.”

கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் பங்குதாரர் என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. துடைக்கிற துணியைக் கீழே வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

“நிர்மலாவையும் கூட்டிட்டுப் போங்க. நாலு வார்த்தை தமிழாவது ஒட்டிக்கட்டும்” என்றாள் என் மனைவி கமலா. எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் அவள் பெயர் ‘நெல்’. நெல் என்றால் தமிழில் என்ன தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

3

ஏழுமலைக்குச் செங்கற்பட்டில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. பழைய லாரிகளை வாங்கி, உடைத்து, இரும்பாக விற்பது அவன் தொழில். படத்தைக் காட்டியதும் சிரித்தான்.

“இது செங்கேணி வண்டி மாமா. புதுப்பட்டினத்துல கொயந்தையக் கேட்டாகூடச் சொல்லும். இதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்த?”

பஸ் பிடித்துப் போனோம். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது பழக்கதோஷத்தில் “நன்றி” என்று சொல்லித் தொலைத்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நிர்மலா வெட்கத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே அவளைப் பார்த்து நான் கூசுகிறேன், இங்கே என்னைப் பார்த்து அவள்.

ஆஷ்வெல் மீன் மார்க்கெட் ஓரத்தில் நின்றிருந்தது. பெர்சி பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார். பின் இருக்கையைப் பிடுங்கிவிட்டு, பலகை அடித்து, மீன் தண்ணீர் வடிய ஓட்டை போட்டிருந்தார்கள். கதவில் மீன் செதில் அப்பிரகம்போல மின்னியது. ஆனால் அந்த மூக்கும், அலைபோல் எழுந்து இறங்கும் மட்கார்டும் அப்படியே இருந்தன.

செங்கேணிக்கு நாற்பது வயதிருக்கும். கூடை இறக்கிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் நிர்மலா தன் தமிழை அவிழ்த்துவிட்டாள்.

“அப்பா உங்க காரை விக்க வந்திருக்காரு.”

வாங்க என்பதற்கு விற்க என்று சொல்லிவிட்டாள். செங்கேணி கூடையை நங்கென்று வைத்தாள்.

“இன்னாது? என் வண்டிய உங்கப்பன் விக்கிறதா? எவன்டா அது?”

ஏழுமலை நடுவில் விழுந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. பிறகுதான் பேச்சு நடந்தது. செய்யூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் சீமையிலிருந்து வரவழைத்த கார் அது. அவர் காலமானதும் பிள்ளைகள் ஏலத்தில் விட்டார்கள். எடுத்தவன் செங்கேணியின் புருஷன். பெட்ரோல் குடித்தே குடும்பத்தைக் கவிழ்த்துவிடும் என்று பழைய லாரியின் டீசல் இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்தான். அப்புறம் கப்பல் வேலை என்று சிங்கப்பூர்ப் பக்கம் போனவன் போனவன்தான். செங்கேணி தானே ஓட்டப் பழகினாள். விடிகாலையில் மாமல்லபுரத்துக் குப்பத்தில் மீன் ஏற்றிப் புதுப்பட்டினத்தில் பாதி இறக்குவாள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்ட வந்த உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு அங்கேதான் மீன். மீதியைத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்கு எடுத்துப்போவாள். அவளை நம்பி இன்னும் நான்கைந்து பெண்கள் அதே வண்டியில் கூடை ஏற்றினார்கள்.

நல்ல விலை தருவதாகச் சொன்னேன்.

“டப்ப வச்சிகினு இன்னா அண்ணாத்த பண்றது? டப்பு மேல கூடைய ஏத்திகினு போவ முடியுமா? எனுக்கு வண்டி வோணும். ஒரு வண்டி குடுத்துட்டு இத்த இட்டுகினு போ. சும்மா பேஜாரு பண்ணாத.”

4

வண்டிக்கு வண்டி. கேட்பதற்குச் சுலபம். நம் நாட்டில் புது வேன் வேண்டுமென்றால் இன்று பதிவுசெய்துவிட்டு, பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்க வேண்டும். பழைய வேன் ஒன்று பார்த்துத் தருவதாக ஏழுமலை ஏற்றுக்கொண்டான். நான் ஆஷ்வெலை வெளியே அனுப்ப அனுமதி வாங்கச் சென்னைக்கு அலையத் தொடங்கினேன்.

முதல் அதிகாரி படத்தைப் பார்த்ததுமே தள்ளிவைத்தார்.

“இது புராதனப் பொருள். நாட்டை விட்டுப் போகக் கூடாது.”

“தினமும் மீன் ஏத்திட்டு ஓடுது சார்.”

“மீன் ஏத்தினா புராதனம் இல்லைன்னு எந்த விதியில இருக்கு?”

என்னை மாடிக்கு அனுப்பினார். மாடியில் இருந்தவர் வண்டியின் காகிதங்களை நிதானமாகப் படித்தார். நடுவில் காபி வந்தது. குடித்தார்.

“காகிதத்துல இருக்கிற இன்ஜின் நம்பர் வேற. வண்டியில இருக்கிற நம்பர் வேற. அப்ப இந்த வண்டி அந்த வண்டி இல்ல.”

எனக்கு உற்சாகம் பிறந்தது. “அப்ப புராதனம் இல்லைன்னு எழுதிக் குடுங்க சார்.”

“இல்லாத வண்டிக்கு நான் எப்படிங்க எழுதிக் குடுக்கிறது?”

கீழே போனால் மேலே, மேலே போனால் கீழே. மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டதுதான் மிச்சம். பழைய இன்ஜினைக் கொண்டுவந்து பொருத்தினால் ஒருவேளை பரிசீலிக்கலாம் என்று மாடிக்காரர் ஒரு நாள் மனம் இரங்கினார். விசாரித்ததில் அது அச்சிறுபாக்கத்தில் ஒரு களத்தில் நிலக்கடலை உடைக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். இங்கிலாந்துப் பிரபுக்களைச் சுமக்கச் செய்த இன்ஜின், மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு கடலைத் தோல் பறக்க உறுமியது. களத்துச் சொந்தக்காரர் என் கையில் ஒரு பிடி கடலையைக் கொடுத்து, “அறுவடைக் காலத்துல வந்து இன்ஜின் கேக்குறியே, உனுக்கு எந்த ஊரு?” என்றார். பதில் சொல்ல எனக்கே குழப்பமாக இருந்தது.

செங்கற்பட்டு தபாலாபீசிலிருந்து பெர்சிக்கு டிரங்க் கால் போட்டேன். காலையில் பதிவுசெய்தது மாலையில் கிடைத்தது. கடலுக்கடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது அவர் குரல். அனுமதி கிடைக்காது என்று நான்கு முறை கத்தினேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் ஏதோ சொன்னார். துண்டு துண்டாக, உதிரி பாகங்களாக அனுப்பு என்பது மட்டும் கேட்டது. அப்புறம் லைன் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற ஏழுமலையிடம் அதைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

“அவ்ளோதானா மாமா? அது நம்ம தொழிலாச்சே! பீஸ் பீஸா அறுத்துப் பொட்டில போட்டு அனுப்பிடலாம்.”

“வாயை மூடு” என்றேன். “அது களவு. அந்த அம்மாவுக்கும் இன்னும் வண்டி கிடைக்கல.”

5

வேன் வந்தது. நீலப் பெயின்ட் பளபளத்தது. செங்கேணி சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தாள்.

“சோக்காத்தான் கீது. ஓடுமா?”

“ராக்கெட்டு மாரி ஓடும் அக்கா” என்றான் ஏழுமலை.

ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும், பிடித்தால்தான் மாற்று என்று முடிவாயிற்று. அதுவரை ஆஷ்வெல் தன் கொட்டகையில் நிற்கட்டும் என்றான் ஏழுமலை. யாரும் கை வைக்கக் கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “சரி மாமா, சரி மாமா” என்றான். நம் ஊரில் இரண்டு முறை சரி சொன்னால் காதில் விழவில்லை என்று அர்த்தம். வெளிநாட்டில் இருந்து இருந்து இதை மறந்துபோயிருக்கிறேன்.

மறுநாள் காலை வேனின் முதல் சவாரி. நானும் நிர்மலாவும் கூடவே போனோம். வஞ்சிரமும் வவ்வாலும் இறாலுமாக வலையில் நல்ல பாடு. புதுப்பட்டினத்தில் பாதியை இறக்கிவிட்டு, பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் ஏறும்போது வேன் இருமியது. பெருமூச்சு விட்டது. நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் ஆவியும் புகையும். பின்னால் மாட்டுவண்டிகளும் ஒரு பஸ்ஸும் சேர்ந்துகொண்டன. ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். ஒருவர் யோசனையும் உதவவில்லை. வெயில் ஏறியது.

கூடைக்காரப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “சீமைக்காரா, எங்க பொயப்புல மண்ணப் போட்டியே, நீ நல்லா இருப்பியா?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. நிர்மலா அவர்களைத் தேற்ற நினைத்து, “கவலைப்படாதீங்க, மீன் இன்னும் உயிரோடதான் இருக்கு” என்றாள். திட்டிக்கொண்டிருந்தவள்கூடச் சிரித்துவிட்டாள். செங்கேணி சிரிக்கவில்லை. ஈரச் சாக்கை மீனின் மேல் இழுத்து மூடினாள்.

“உன் வேனு உனுக்கு. என் வண்டி எனுக்கு. வா, போயி எட்த்துகினு வர்லாம்.”

பெண்களை மீனுக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். ஸ்டேஷனைத் தாண்டிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைப் பறித்தது இரும்பை அறுக்கும் கேஸ் நெருப்பின் வெளிச்சம்.

ஆஷ்வெலின் இடப்பக்க மட்கார்டு தரையில் கிடந்தது. இரும்புப் பெட்டிகள் வரிசையாகத் தயார். ஏழுமலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். “வந்துட்டியா மாமா? வேலைய ஆரம்பிச்சிட்டேன். நாளைக்குக் கதவு.”

செங்கேணி வண்டியின் அருகே போனாள். அறுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத் தமிழில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ஏழுமலையைப் பார்த்துக் கத்தினேன். முழுக்க ஆங்கிலத்தில். எனக்குக் கோபம் இப்போது அந்த மொழியில்தான் வருகிறது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

“மாமா, நிறுத்து!” என்றாள் நிர்மலா. அதுதான் அவனுக்குப் புரிந்தது. நெருப்பை அணைத்தான்.

“நீதான மாமா சொன்ன? தொரை பீஸ் பீஸாக் கேட்டாருன்னு...”

“தொரை கேப்பாரு” என்றாள் செங்கேணி. குரலை உயர்த்தவே இல்லை. “அண்ணாத்த, எம் புருசன் போவும்போது, வண்டிய வித்துடாத, நான் வந்து ஓட்றேன்னு சொல்லிட்டுத்தான் போனான். அவன் வரமாட்டான். அது எனுக்குத் தெரியும். அவன் வருவான்னு ஒண்ணும் நான் இத்த வச்சிகினு இல்ல. இத்த நம்பி அஞ்சு வூட்டு அடுப்பு எரியுது. நீங்கல்லாம் எங்கியோ போய்டுவீங்க. நாங்க இங்கதான கீறோம். நாளிக்கி காலீல இன்னாத்துல ஏத்துறது, சொல்லு.”

குனிந்து மட்கார்டைத் தூக்கினேன். ஒரு பக்கம் சுட்டது, மறுபக்கம் கனத்தது. பின்பலகையில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிர்மலா முன்னால் ஏறிக்கொண்டாள். செங்கேணி வண்டியை எடுத்தாள்.

மார்கழி மழையில் சாலையெல்லாம் குட்டை. மட்கார்டு இல்லாத சக்கரம் ஒவ்வொரு குட்டையிலும் சேற்றை வாரி என் முகத்தில் அடித்தது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் என் வெளிநாட்டுச் சட்டையின் நிறமே தெரியவில்லை. முன்னால் அவர்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிர்மலா மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாலத்தில் காத்திருந்த மீனை ஆஷ்வெலுக்கு மாற்றியதில் இறாலை விற்க முடிந்தது. வஞ்சிரத்தில் பாதி கருவாட்டுக்குப் போயிற்று. மறுநாள் ஏழுமலையைக் குப்பத்துக்கே இழுத்துப்போய், மட்கார்டை அவன் கையாலேயே ஒட்டவைத்தேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் செய்தான். ஆனாலும் நன்றாகச் செய்தான். செங்கேணி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு அன்றைய மீனை ஏற்றும் அவசரம்.

6

திரும்பிவந்து பெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிர்மலா எடுத்திருந்த படங்களைக் காட்டினேன். மட்கார்டின் தழும்பைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

“அறுத்தார்களா?”

“நீங்கள் சொன்னதுதானே?”

“கழற்றச் சொன்னேன், சாம். திருகு திருகாகக் கழற்றி அனுப்பச் சொன்னேன். அறுக்கவா சொன்னேன்?”

டிரங்க் காலில் திருகு கேட்கவில்லை என்று விளக்கினேன்.

“அந்தப் பெண்மணிக்கு என்னதான் வேண்டுமாம்?”

“எதுவும் வேண்டாமாம்.”

அது அவருக்குப் புரியவில்லை. வேறு விதமாக மறுபடி கேட்டார். நானும் அதையே மறுபடி சொன்னேன். எங்கள் கடையில் விலைச்சீட்டு தொங்காத பொருள் கிடையாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நிர்மலா மறுபடி நெல் ஆகிவிட்டாள். ஊரிலிருந்து வந்தவுடன் அவள் மாறிவிட்டதாக எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். மாறவில்லை. அறைக் கதவு சாத்தித்தான் இருக்கிறது. உள்ளே பாட்டுத் தட்டு அலறுகிறது. ஆஷ்வெலில் போகும்போது செங்கேணி என்னதான் சொன்னாள் என்று கேட்டேன். “உங்களப் பத்திதான்” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

நேற்றுக் கடைக்குப் பெயின்டர் வந்தான். பங்குதாரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் பெர்சி. அவருடைய மருமகன். கார் ஓட்டத் தெரியாது, கணக்குத் தெரியும். முகப்புப் பலகையில் பெர்சியின் பெயருக்குக் கீழே அந்தப் பெயரைத் தங்க நிறத்தில் எழுத வேண்டும். காற்று பலமாக அடித்ததால் ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

பெயின்டர் மேலிருந்து கேட்டான், “சாம், கொஞ்சம் தள்ளி நின்று பார். எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா?”

தள்ளி நின்று பார்த்தேன். மருமகன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

“சரியாக இருக்கிறது” என்றேன்.